நெற்கட்டும்செவல் கோட்டையும் ஒரு பெர்லின் பேராசிரியரும்

இந்த எபிசோட்ல நாம பேசப்போறது ஒரு பேராசிரியரைப் பத்தி. பேர் ஹான்ஸ் டெல்ப்ரூக். ஜெர்மன்காரர். போர்களின் வரலாறுதான் அவர் பாடம். 1848-ல் பிறந்து 1929-ல் இறந்தவர். ஆனா எங்க ஊர் சங்கரன்கோவில் பக்கத்துல நடந்த ஒரு போரைப் புரிஞ்சுக்கறதுக்கு எனக்கு அவரைவிட நல்ல வாத்தியார் கிடைக்கலை.

எந்தப் போர்? புலித்தேவர் போர். சங்கரன்கோவில்ல பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல நெற்கட்டும்செவல் வந்துடும். 1755-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை வந்து நின்ற கோட்டை அங்கேதான் இருந்தது. வருஷா வருஷம் செப்டம்பர் 1 வந்தா மாலை, வேன், பேனர், மேடைப்பேச்சுன்னு அந்த வட்டாரமே களைகட்டும். பேச்சுக்குப் பேச்சு படையோட எண்ணிக்கை மட்டும் ஏறிக்கிட்டே போகும். ஒருத்தர் ஆயிரம்பார், அடுத்தவர் பத்தாயிரம்பார், யூடியூப் தம்ப்நெயில் லட்சத்தைத் தொடும். "இது நடந்திருக்க முடியுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டா, "நீ என்னடே, வெள்ளைக்காரன் பக்கமா?"ன்னு திருப்பிக் கேட்பாங்க.

டெல்ப்ரூக் வாழ்நாள் முழுக்க கேட்டது இந்த ஒரே கேள்வியைத்தான்: இது நடந்திருக்க முடியுமா? அவருக்கும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைச்சது. அந்தக் கேள்வி ஒரு வீரனைச் சின்னதாக்குமா, பெரிசாக்குமா? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

படைவீரர், வாத்தியார், எம்.பி.

டெல்ப்ரூக் பிறந்தது பால்டிக் கடல்ல இருக்கிற ரூகன் தீவில், பெர்கன் என்ற ஊரில். ஹைடல்பர்க், கிரைஃப்ஸ்வால்ட், பான் ஆகிய ஊர்களில் வரலாறு படித்தார். படிப்புக்கு நடுவிலேயே 1870-ல் பிரான்ஸோடு போர் வந்தது. இளைஞர் டெல்ப்ரூக் அதில் சிப்பாயாகப் போய்ச் சண்டை போட்டார். 1873-ல் டாக்டர் பட்டம். அந்த ஆய்வுக்கும் பீரங்கிக்கும் சம்பந்தமே இல்லை, அது ஒரு இடைக்காலத் துறவி எழுதிய வரலாற்றை நம்பலாமா என்பதைப் பற்றியது. நம்ம பாஷையில சொன்னா, ஒரு டேட்டா சோர்ஸை ஆடிட் பண்ணியிருக்கார்.

திருப்பம் 1874-ல் வந்தது. ரிசர்வ் படைப் பயிற்சிக்காக விட்டன்பர்க் போயிருந்தபோது, வில்ஹெல்ம் ருஸ்டோ என்பவர் காலாட்படையின் வரலாறு பற்றி எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது. இனி நம்ம வேலை இதுதான்னு அங்கேயே முடிவெடுத்ததா பின்னாடி அவரே சொல்லியிருக்கார்.

அதே வருஷம் பிரஷ்ய அரச குடும்பத்து இளவரசர் வால்டெமாருக்கு ஆசிரியரானார். 1879-ல் அந்தப் பையன் இறந்துபோகும் வரை அந்த வேலை. அரண்மனையில் தளபதிகளோடு நேருக்கு நேர் பேச வாய்ப்பு கிடைத்தது. பிறகு பெர்லின் பல்கலைக்கழகம். கூடவே நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு முக்கியமான மாத இதழின் ஆசிரியர். 1890-களின் நடுவில்தான் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

ஏன் அவ்வளவு தாமதம்? இரண்டு பக்கமும் அவருக்கு இடி. பல்கலைக்கழகத்துல, "போர் பத்தி ஆராய்ச்சியா? அது ராணுவத்துக்காரன் வேலை"ன்னு நினைச்சாங்க. ராணுவத்துல, "போரைப் பத்திப் பேச இந்த சிவிலியன் யாரு?"ன்னு நினைச்சாங்க. 1900-ல் அவருடைய பெரிய நூலான 'போர்க்கலையின் வரலாறு' முதல் தொகுதி வந்தபோது, ரோமாபுரி வரலாற்றின் மாமேதை மாம்சனுக்கு ஒரு பிரதி கொடுத்தார். இதைப் படிக்க நேரம் கிடைப்பது கஷ்டம் என்ற மாதிரிதான் மாம்சனிடமிருந்து பதில் வந்தது. கடைசித் தொகுதி முடிய 1920 ஆயிடுச்சு.

மூவாயிரம் கிலோமீட்டர் வரிசை

சரி, அவர் கண்டுபிடிச்ச முறை என்ன? கேட்டா ரொம்ப சாதாரணமாத் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி அதை இவ்வளவு பிடிவாதமா யாரும் செய்யலை.

கி.மு. 480-ல் பாரசீக மன்னன் செர்க்சஸ் கிரேக்கத்தின் மேல் படையெடுத்தான். '300' படம் பார்த்தவங்களுக்கு அந்தப் போர் தெரியும். அந்தப் படையில், பணியாட்களையும் சேர்த்தால், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் இருந்ததாக கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல இந்த எண்ணைப் புத்தகம் புத்தகமா காப்பி பண்ணிக்கிட்டு வந்தாங்க.

டெல்ப்ரூக் பழைய ஓலையைத் தேடிப் போகலை. தன் காலத்து ஜெர்மன் ராணுவ விதிப்புத்தகத்தைத் திறந்தார். 30,000 பேர் கொண்ட ஒரு ஜெர்மன் படைப்பிரிவு சாலையில் வரிசையாக நடந்தால், சாமான் வண்டிகள் இல்லாமலேயே, சுமார் 22 கிலோமீட்டர் நீளம் வரும். பாரசீகத் தரைப்படையையும் அதன் பரிவாரத்தையும் 42 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், அது அப்படிப்பட்ட 140 படைப்பிரிவு. பெருக்கிப் பாருங்க. 3,000 கிலோமீட்டருக்கு மேல் வரும். கன்னியாகுமரியில் நிற்கிற வரிசை காஷ்மீர் வரை போகிற மாதிரி. முதல் ஆள் கிரேக்கத்தில் தெர்மாப்பிலே கணவாய்க்கு வந்து சேரும்போது, கடைசி ஆள் பாரசீகத் தலைநகரம் சூசாவை விட்டு அப்போதுதான் கிளம்பியிருப்பான்.

அவ்வளவுதான். ஒரே ஒரு பெருக்கல் கணக்குல அந்த எண் செத்துப்போச்சு.

இந்த மாதிரி சோதனைக்கு ஜெர்மன்ல ஒரு பேர் உண்டு: சாக்கிரிட்டிக். 'சாக்க' என்றால் பொருள், விஷயம். ஆவணம் என்ன சொல்லுதுன்னு மட்டும் பார்க்காம, நிலமும் வயிறும் காலும் என்ன சொல்லுதுன்னும் பார்க்கிறது. இந்த மண்ணுல அத்தனை பேர் நிற்க இடம் இருக்கா? அந்தத் தூரத்தை அந்தக் கனத்தைச் சுமந்துக்கிட்டு ஓட முடியுமா? அத்தனை பேருக்கும் சாப்பாடு எங்கேருந்து வந்தது? சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். டாஷ்போர்டு நேத்து ஒரே நாள்ல நூறு கோடி பேர் ஆப்பைத் திறந்ததா காட்டினா, பார்ட்டி வைக்க மாட்டோம். முதல்ல லாக்கைத் திறந்து பார்ப்போம்.

இப்போ நம்ம ஊர் ரோடு

அதே கணக்கை இங்கே போடுவோம். ஒரு பேச்சுக்கு, புலித்தேவரிடம் ஒரு லட்சம் பேர் கொண்ட படை இருந்ததுன்னு வச்சுக்குவோம். அந்தப் படை சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் பக்கம் நடக்குது.

நாலு நாலு பேரா போனா 25,000 வரிசை. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் ஒன்றரை மீட்டர். மொத்தம் 37 கிலோமீட்டருக்கு மேல். குதிரை, மாட்டுவண்டி எதுவுமே இதுல சேரலை. சங்கரன்கோவில்ல இருந்து ராஜபாளையம் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆக, முதல் ஆள் ராஜபாளையத்துல டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது கடைசி ஆட்கள் சங்கரன்கோவில்ல இன்னும் கிளம்பியே இருக்க மாட்டாங்க.

அடுத்து சாப்பாடு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ கம்போ சோளமோன்னு வச்சாலும், ஒரு நாளைக்கு 75 டன். ஒரு மாட்டுவண்டி முக்கால் டன் ஏற்றும்னு வச்சா, தினமும் 100 வண்டி. பத்து நாள் முற்றுகைன்னா 1,000 வண்டி. அந்த மாடுகளுக்குத் தீவனம் தனி. அப்புறம் தண்ணி. மழை பெய்தா குளம் நிறையும், பெய்யலைன்னா காயும்ங்கிற பூமி நம்மளது. ஒரு லட்சம் பேரும் ஆயிரக்கணக்கான மாடும் ஒரு வாரம் குடிச்சா எந்தக் குளம் தாங்கும்?

ஆக, லட்சம் போச்சு. சரி, எதிரிப் பக்கம் எவ்வளவு பேர்? இங்கேதான் கதை சுவாரசியமாகுது. 1755-ல் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் தலைமையில் மதுரை, திருநெல்வேலிப் பக்கம் வந்த கம்பெனிப் படையில் 500 ஐரோப்பியர், 2,000 சிப்பாய்கள். கூட ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கான் 1,000 குதிரை வீரர்களோடு வந்தார். மொத்தமே மூவாயிரத்து ஐந்நூறு பேர். இன்னைக்கு ஒரு ஐ.டி. பார்க்குல ஒரு பில்டிங்ல அவ்வளவு பேர் வேலை பார்க்கிறாங்க.

அந்தக் காலத்துத் தென்னாட்டுப் போரின் அளவு இதுதான். சில ஆயிரம் பேர், சில பீரங்கி, ஒரு மண் கோட்டை. அந்தச் சில ஆயிரம் பேரை வச்சுத்தான் அடுத்த நூறு வருஷத்து அரசியல் தீர்மானமானது.

மண் சுவர் செய்த வேலை

ஹெரான் நெற்கட்டும்செவலுக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டையை விட்டுவைக்க 20,000 ரூபாய் கேட்டார். புலித்தேவர் கொடுக்கவில்லை. கம்பெனிப் படையிடம் இருந்த பீரங்கி அந்தச் சுவருக்குப் போதவில்லை, சாப்பாடும் குறைந்துகொண்டே வந்தது. ஹெரான் திரும்பிப் போனார். அந்தப் படையெடுப்பு முழுவதிலும் வசூலான பணம் படைச் செலவுக்கே போதவில்லை. மதராஸில் ஹெரானை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையை விட்டே நீக்கினார்கள்.

அடுத்து வந்தவர் யூசுப்கான். மருதநாயகம்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். கம்பெனி சிப்பாய்ப் படையின் மிகத் திறமையான தளபதி. 1759 கடைசியில் அவர் வாசுதேவநல்லூர் கோட்டையைத் தாக்கினார். வெடிமருந்து தீர்ந்து, தாக்குதல் தோற்று, திரும்ப வேண்டியதாயிற்று. 1761-ல்தான் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகள் அவர் கைக்கு வந்தன. பிறகு யூசுப்கானே நவாபையும் கம்பெனியையும் எதிர்த்தார். 1764 அக்டோபர் 15-ல் மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதன் பிறகு புலித்தேவர் தரப்பு மறுபடி தலையெடுத்தது. 1767-ல் கர்னல் டொனால்ட் கேம்பெல் பெரிய பீரங்கிகளோடு வாசுதேவநல்லூருக்கு வந்தார். பீரங்கி உடைத்த ஓட்டைகளை உள்ளே இருந்தவர்கள் வைக்கோலும் பனைமரமும் மண்ணும் போட்டு அடைத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தத் துணிச்சலைக் கேம்பெல்லே வியந்து எழுதியிருக்கிறார்.

மண் கோட்டைன்னா நமக்கு ஏதோ ஏழைக் கோட்டைன்னு தோணும். ஆனா கருங்கல் சுவர்ல குண்டு பட்டா விரிசல் விட்டு உதிரும். தடிமனான மண் சுவர் அந்தக் குண்டை உள்ளே வாங்கிக்கும். ராத்திரியோடு ராத்திரியா பூசிடலாம். வெளியே முள்வேலி வேற. கையில் இருக்கிற பொருளை வச்சு, எதிரியோட பெரிய பலம் எதுவோ அதை மழுங்கடிக்கிறது. இதைவிட நல்ல இன்ஜினியரிங் என்ன இருக்கு?

இப்போ சொல்லுங்க. லட்சம் பேரை வச்சுக்கிட்டு மூவாயிரத்து ஐந்நூறு பேரை விரட்டினா அதுல என்ன பெருமை? சில ஆயிரம் பேரை வச்சுக்கிட்டு, ஒரு மண் சுவரை நம்பி, பன்னிரண்டு வருஷம் ஒரு உலக வல்லரசைத் தன் எல்லையிலேயே அலைய விட்டதுதான் பெருமை. எண்ணைக் குறைச்சா வீரம் கூடுது.

ஜெயிக்கறதுக்கு ரெண்டு வழி

டெல்ப்ரூக்குக்குப் பெரிய சண்டை வந்தது எண்ணிக்கையால இல்லை. பிரஷ்யாவின் மாமன்னன் இரண்டாம் ஃபிரெடரிக்கைப் பற்றி அவர் சொன்ன கருத்தால்.

போரில் ஜெயிக்க இரண்டு வழி இருக்குன்னு டெல்ப்ரூக் சொன்னார். ஒன்று, ஒரே பெரிய போர்க்களத்தில் எதிரிப் படையை நசுக்கி முடிப்பது. நெப்போலியன் பாணி. இன்னொன்று, எதிரியைக் களைப்படைய வைப்பது. சில சமயம் சண்டை, சில சமயம் நகர்வு, சில சமயம் முற்றுகை. போரைத் தொடர்வதால் வரும் லாபத்தைவிடச் செலவு அதிகம்னு எதிரிக்குத் தோணும் வரை இழுப்பது. இரண்டாவது வழி கோழைகள் வழி கிடையாது. கையில் இருக்கிற ஆள், பணம், சாலை இதையெல்லாம் பார்த்தா அதுதான் ஒரே வழின்னு ஆகிற சூழ்நிலை உண்டு. ஃபிரெடரிக் ஜெயித்தது அந்த வழியில்தான் என்பது டெல்ப்ரூக்கின் வாதம்.

ராணுவத் தலைமையகம் கொதிச்சுப்போச்சு. அவங்க பாடப்புத்தகத்தில் ஃபிரெடரிக்தான் நெப்போலியனுக்கே முன்னோடி. "எங்க மாமன்னர் இழுத்தடிச்சு ஜெயிச்சாரா?" பல வருஷம் தளபதிகளும் ராணுவ எழுத்தாளர்களும் அவரை மறுத்து எழுதினார்கள். 1890-ல் டெல்ப்ரூக் ஒரு குறும்பு செய்தார். ஏதென்ஸ் நாட்டுத் தலைவர் பெரிக்ளீசையும் ஃபிரெடரிக்கையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். அதில், உங்க அளவுகோலையே வச்சு அளக்கறேன் பாருங்கன்னு, ஃபிரெடரிக் ஒரு மூன்றாம் தரத் தளபதி என்று 'நிரூபித்து'க் காட்டினார். அது கிண்டல். பலருக்குப் புரியவில்லை, தேசிய நாயகனை அவமதித்துவிட்டார் என்று மறுபடியும் பாய்ந்தார்கள். கிண்டல் புரியாத கமெண்ட் செக்‌ஷன் அப்பவே இருந்திருக்கு.

இதுல நமக்கு ஒரு ஒட்டுறவு இருக்கு. ஃபிரெடரிக்கின் அந்தப் பெரிய போர், ஏழாண்டுப் போர், 1756-லிருந்து 1763 வரை நடந்தது. பிரிட்டன் அவருக்குக் கூட்டாளி, பிரான்ஸ் எதிரி. அதே போரின் இன்னொரு முனை நம்ம கர்நாடகப் பிரதேசம். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி மதராஸ் கோட்டையை முற்றுகையிட்டார். யூசுப்கானைத் தெற்கிலிருந்து மதராஸுக்குக் கூப்பிட்டுக்கொண்டது கம்பெனி. தெற்கே பாளையக்காரர்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது. ஐரோப்பாவில் ஃபிரெடரிக்கும், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் புலித்தேவரும், ஒருத்தர் பேரை ஒருத்தர் கேள்விப்படாமலேயே, ஒரே உலகப் போரின் இரண்டு மூலைகளில் நின்னுக்கிட்டு இருந்தாங்க.

ஃபிரெடரிக்குக்குப் போட்ட கணக்கு புலித்தேவருக்கும் பொருந்துது. கம்பெனி வந்தது வரி வசூலுக்கு. நவாப் கம்பெனிக்குப் பட்ட கடனுக்கு ஈடாக இந்தச் சீமையின் வருமானம் வேண்டியிருந்தது. அப்போ ஒரு பாளையக்காரர் கம்பெனிப் படையை ஒரே நாளில் அழிக்க வேண்டியதில்லை. வசூலுக்கு வரும் செலவை வசூலைவிட அதிகமாக்கினால் போதும். 1755-ல் ஹெரானுக்கு நடந்தது அதுதான்.

பேராசிரியர் கொடுத்த விலை

வரலாற்றில் 'முடியுமா?'ன்னு கேட்டவர், தன் காலத்திலும் கேட்பதை நிறுத்தலை. ஜெர்மன் அரசு வடக்கு ஷ்லெஸ்விக் பகுதியிலிருந்து டேனிஷ் மக்களை வெளியேற்றியதைக் கண்டித்து எழுதினார். 1899-ல் விசாரணை, 500 மார்க் அபராதம், கண்டனம்.

முதல் உலகப் போர் வந்தது. 1915-ல் பெல்ஜியம் உட்படப் பிடித்த நிலத்தை எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விண்ணப்பத்தில் 1,347 பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் பேராசிரியர்கள் நிறையப் பேர். அதை எதிர்த்து டெல்ப்ரூக் முன்நின்று எழுதிய விண்ணப்பத்துக்குக் கிடைத்தது 141 கையெழுத்து. அந்த 141-ல் ஐன்ஸ்டீனும் மேக்ஸ் பிளாங்க்கும் உண்டு. பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா எல்லாரையும் ஒரே அடியில் நசுக்க ஜெர்மனியிடம் ஆளும் இல்லை, வளமும் இல்லை, பேசித்தான் முடிக்கணும்னு அவர் மாதாமாதம் எழுதினார். 1918 வசந்தத்தில் தளபதி லூடன்டார்ஃப் கடைசிப் பெரிய தாக்குதலைத் தொடங்கினார். சில வாரம் வெற்றி. அதன் பிறகு முழுத் தோல்வி. டெல்ப்ரூக்கின் ஒரு மகன் வால்டெமார், 1917-லேயே போர்முனையில் இறந்திருந்தான்.

போருக்குப் பிறகு நாடாளுமன்ற விசாரணையில் டெல்ப்ரூக் சாட்சி சொன்னார். லூடன்டார்ஃப் எங்கே உடைக்க எளிதோ அங்கே அடித்தார், எங்கே அடித்தால் போர் முடியுமோ அங்கே அடிக்கவில்லை என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அந்த நேரத்துல ஜெர்மனியில் ஒரு பொய் வேகமாப் பரவிக்கிட்டு இருந்தது. நம்ம ராணுவம் தோக்கலை, உள்ளே இருந்த துரோகிகள்தான் முதுகுல குத்திட்டாங்கன்னு. அந்தப் பொய்யில் ஏறித்தான் பிறகு நாஜிகள் வந்தார்கள். ஒரு தேசம் தன் போரைப் பற்றித் தனக்கே கணக்குத் தப்பா சொல்லிக்கிட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதைவிட உதாரணம் வேணுமா?

அவரைச் சாமியாக்கவும் வேண்டாம். ஜெர்மனிக்குக் காலனி வேணும்னு நினைச்ச தேசியவாதிதான் அவரும். முறையிலும் ஓட்டை உண்டு. பழைய எண்களைக் குறைக்கிற வேகத்தில் அவர் மறுபக்கம் ரொம்ப தூரம் போய்விட்டார். கிரேக்கர்களைவிடப் பாரசீகர்களே குறைவு என்று அவர் சொன்னதை இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. 42 லட்சம் முடியாதுன்னு பெருக்கல் சொல்லும். சரியான எண் எதுன்னு பெருக்கல் சொல்லாது. அதுக்கு ஆதாரம்தான் வேணும்.

நம்ம ஆதாரம் எங்கே?

ஹெரான் கேட்ட 20,000 ரூபாய் நமக்கு எப்படித் தெரியும்? ராபர்ட் ஆர்ம் எழுதி வச்சதால. 1728-ல் கேரளக் கரையில் அஞ்சுதெங்கில் பிறந்தவர், மதராஸ் கவுன்சிலில் உறுப்பினர், பிறகு கம்பெனியின் அதிகாரபூர்வ வரலாற்று ஆசிரியர். 1763-ல் அவருடைய நூலின் முதல் தொகுதி வந்தது. நம்ம வாசுதேவநல்லூர் அவர் எழுத்தில் 'வாஷினெலூர்' ஆயிடுச்சு. அவருக்குப் பிறகு 1881-ல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை எழுதிய பிஷப் கால்டுவெல். எல்லாம் ஜெயிச்சவங்க பக்கத்து எழுத்து.

இதைப் புரட்டிப் போட்ட பேராசிரியர் ஒருத்தர் நம்ம பக்கம் இருக்கார். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் இருந்த கே. ராஜய்யன். 1971-ல் அவர் 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றி எழுதிய நூலில், முதல் சுதந்திரப் போர் அதுதான் என்று வாதாடினார். 1974-ல் பாளையக்காரர்களின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றிய நூல் சென்னைப் பல்கலைக்கழகம் மூலம் வந்தது. அவர் புதுசா ஒரு வீரகாவியம் எழுதலை. கம்பெனியின் சொந்தக் கடிதங்களையும் ராணுவக் குறிப்புகளையும் எடுத்து, அவங்க வாயாலேயே இவங்க எதிர்ப்பைச் சொல்ல வச்சார். எதிரியோட லாக் ஃபைல்ல இருந்தே எதிரியோட சிஸ்டம் எங்கெங்க விழுந்ததுன்னு காட்டுற வேலை.

அப்போ ஊர்ல சொல்ற கதைகளை என்ன செய்றது? புலித்தேவரின் தளபதிகளா ஒண்டிவீரனையும் வெண்ணிக் காலாடியையும் மக்கள் மரபு சொல்லுது. ஒவ்வொரு சமூகமும் தன் வீரனுக்குத் தனியா விழா எடுக்குது. சில வருஷம் போஸ்டருக்குப் போஸ்டர் முறைச்சுக்குது. ஆனா ஒரு கோட்டை ஓட்டையை ராத்திரியோடு ராத்திரியா அடைக்கணும்னா மண் சுமந்தவர், பனை வெட்டினவர், வைக்கோல் கொண்டுவந்தவர் எல்லாரும் வேணும். டெல்ப்ரூக் பாணியில் சாப்பாட்டையும் சுமையையும் கணக்குப் போட்டா, ஒரு போர் ஒரு ஜாதியோட போரா இருந்திருக்கவே முடியாது. எனக்கு இந்தக் கணக்கோட மிகப் பெரிய லாபம் இதுதான்.

இன்னொரு கதையும் இருக்கு. யூசுப்கானுக்கு மதுரையில் தூக்கு. கட்டபொம்மனுக்கு 1799-ல் கயத்தாறில் தூக்கு. மருது சகோதரர்களுக்கு 1801-ல் திருப்பத்தூரில் தூக்கு. புலித்தேவருக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. கைதியாகக் கொண்டுபோகும் வழியில், சங்கரன்கோவில் கோயிலில் சாமி கும்பிட அனுமதி கேட்டார், உள்ளே போனார், மறைந்துவிட்டார் என்று மரபு சொல்கிறது. ஆடித்தபசுக்கு வர்ற கூட்டத்துல இன்னைக்கும் அந்த இடத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுறவங்க உண்டு. இதைப் பெருக்கல் கணக்கால் தொட முடியாது, தொடவும் வேண்டாம். கம்பெனியால அவர் உடம்பை ஊர் நடுவுல தொங்கவிட்டுக் காட்ட முடியலைன்னு ஊர் தனக்குச் சொல்லிக்கிற விதம் அது. அதைக் கோயில் கதையா வச்சுக்குவோம். ஹெரானோட 20,000 ரூபாயை வரலாறா வச்சுக்குவோம். ரெண்டையும் ஒரே டேபிள்ல போட்டுக் குழப்பாம இருந்தா ரெண்டுமே பிழைக்கும்.

அடுத்த தடவை ஒரு போர் வீடியோ பார்க்கும்போது மூணு கேள்வி கேளுங்க. அத்தனை பேர் அந்த ரோட்டில் எவ்வளவு நீளம் வருவாங்க? அவங்களுக்கு யார் சமைச்சுப் போட்டாங்க? இந்தத் தகவலை முதல்ல எழுதினவர் யார், எந்தப் பக்கம் நின்னு எழுதினார்? உங்க ஊர் கோட்டை, உங்க ஊர் போர் எதுக்காவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீங்கன்னா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லதா இருக்கிற கணக்கை ஒரு எபிசோட்ல சேர்ந்து சரிபார்ப்போம்.